நிமிர்ந்து நின்ற சாய்சதுரம்

அரக்கு உடைகிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? கொட்டைப்பாக்கைக் கடைவாயில் வைத்துக் கடித்தால் ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி. அதற்கு அடுத்தாற்போல் தையல் பிரிகிற சத்தம். விடைத்தாள் வருகிற துணிப்பையின் வாயைக் கோணி ஊசியால் தைத்து அனுப்பியிருப்பார்கள். நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் டர்ரென்று ஒரே இழுப்பில் வந்துவிடும். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக் கூடத்தில், ஒரே நேரத்தில் இருபது மேஜையில் அந்தச் சத்தம் கேட்கும். நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது. இன்னமும் பக்கத்தில் யாராவது பாக்கைக் கடித்தால் எனக்கு மே மாதத்து வெயில் அடிக்கிறது.

நீங்கள் திருத்துங்கள். நான் பேசினால் தொந்தரவா? இல்லையே? அம்பாசமுத்திரத்தில் ஏறியதிலிருந்து பார்க்கிறேன், ரயில் இந்த ஆட்டம் ஆடும்போதும் உங்கள் கை கோணவில்லை. ஒன்பதாம் வகுப்பா? நாற்கரங்களா? நினைத்தேன். தலைகீழாகப் பார்த்தாலும் தெரிந்துவிடும் எனக்கு. நானும் கணக்கு டீச்சர்தான். சண்பகவல்லி. பி.எஸ்.சி., பி.டி. முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். ஒரு நாள் தாமதமாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

ஓய்வு பெற்று இருபத்தாறு வருஷமாகிறது. கேட்க ஆளிருந்தால் சொல்லலாம் என்று ஒரு விஷயம். யாரிடமும் சொல்லவில்லை. கணக்குத் தெரியாதவர்களிடம் சொன்னால், இதற்குப் போயா என்பார்கள். கணக்குத் தெரிந்தவர்களிடம் சொன்னால் அவர்கள் உடனே நியாயம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நீங்கள் நியாயம் பேசவேண்டாம். கேட்டுக்கொண்டு திருத்தினால் போதும்.

எண்பத்து மூன்றாம் வருஷம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. பேப்பர் திருத்தும் முகாமில் அந்த வருஷம்தான் என்னைச் சீஃப் ஆகப் போட்டார்கள். இப்போது எப்படியோ தெரியாது. அப்போது ஒரு சீஃபுக்குக் கீழே ஆறு பேர். அவர்கள் சிவப்பு மையில் திருத்துவார்கள். சீஃப் அவர்கள் திருத்தியதில் சிலவற்றை எடுத்துப் பச்சை மையில் மறுபடி பார்க்கவேண்டும். முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் விழுந்த தாளையெல்லாம் கட்டாயம் பார்க்கவேண்டும். முப்பத்தைந்து வாங்கினால்தானே பாஸ். சிவப்பு மைக்கு மேல் பச்சை மை. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. நாற்பத்திரண்டு வயதில் எனக்கு அந்தப் பச்சைப் பேனா வந்தது. முகாம் அதிகாரி அதைக் கொடுத்தபோது சாதாரணமாகத்தான் வாங்கினேன். வீட்டுக்குப் போய் எங்கள் அம்மாவின் கையில் கொடுத்து, பார்த்துவிட்டுக் கொடு என்றேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

என் கீழே இருந்த ஆறு பேரில் ஒருத்தி லில்லிபுஷ்பம். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்த்தவள். என்னைவிட ஒன்பது வயது சின்னவள். ஆசிரியர் அறையில் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அக்கா, அக்கா என்று உயிரை விடுவாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முறுக்குச் சுற்ற நான் போவேன். பொங்கலுக்கு அவள் வந்து என் அம்மாவுக்குக் கரும்பு வெட்டிக் கொடுப்பாள். கல்யாணம் ஆகாத இரண்டு பேர் அந்தப் பள்ளிக்கூடத்தில் நாங்கள்தான். அதனால் மதியச் சோற்றை இரண்டு டப்பாவிலிருந்தும் சாப்பிடுவோம். அவள் டப்பாவில் எந்நேரமும் கருவாடு. நான் தொடமாட்டேன். ஆனால் வாசனை பிடிக்கும். அதை அவளிடம் சொன்னதில்லை.

கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டாவது கேள்வி. 'ஒரு சாய்சதுரம் வரைந்து அதன் பண்புகளில் மூன்றினை எழுதுக.' ஐந்து மதிப்பெண். விடைக்குறிப்பில், படம் இரண்டு, பண்புகள் மூன்று என்று மட்டும் போட்டிருந்தது. படம் எப்படி இருக்கவேண்டும் என்று அதில் இல்லை. அதெல்லாம் எழுதிக்கொண்டிருக்கமாட்டார்கள். அதற்குத்தானே சீஃப் என்று ஒருத்தியை உட்காரவைக்கிறது.

நாலாவது நாள் மத்தியானம். மோர்ப்பானை வந்துவிட்டுப் போயிருந்தது. லில்லி திருத்திய கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். மொத்தம் முப்பத்தைந்து. சரியாகக் கரையேறிய தாள். இருபத்திரண்டாவது கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து. படத்தைப் பார்த்தால் சதுரம். சுத்தமான சதுரம். பென்சிலை நன்றாகச் சீவி, கவராயம் ஊன்றிய துளைகூடத் தெரிய, நாலு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர், நேராக நிமிர்ந்து நிற்கிறது. கீழே மூன்று பண்புகள். அதற்கும் கீழே, யாரும் கேட்காத ஒரு வரி: 'இதில் எல்லாக் கோணங்களும் 90 பாகை. ஆயினும் இது சாய்சதுரமே.'

ஆயினும்! பதினாறு வயதுப் பிள்ளை ஆயினும் என்று எழுதுகிறது. எனக்கு அந்தச் சொல்தான் முதலில் சுருக்கென்றது.

"என்ன லில்லி, சதுரத்துக்கு ரெண்டு மார்க் போட்டிருக்க?"

"சாய்சதுரம்தானேக்கா அது."

"எங்க சாஞ்சிருக்கு?"

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை என்றதும் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மேஜைக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, நாலு பக்கமும் சமமா இருக்கா?"

"இருக்கு."

"எதிரெதிர் கோணம் சமமா?"

"சமம்தான்."

"மூலைவிட்டம் ரெண்டும் ஒண்ணையொண்ணு சரிபாதியா வெட்டுதா? வெட்டுற இடத்துல தொண்ணூறு பாகையா?"

"வெட்டுது. அதுக்கென்ன?"

"இன்னும் என்னக்கா வேணும் அதுக்கு?"

நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்லவேண்டாம், திருத்துங்கள். இருபது வருஷமாக நான் கரும்பலகையில் சாய்சதுரம் வரைந்திருக்கிறேன். ஒரு கோணம் அறுபது, அடுத்தது நூற்றிருபது. பாடப்புத்தகத்திலும் அப்படித்தான். பார்த்ததும் தெரியவேண்டும். காற்றில் சாய்ந்த பந்தல் மாதிரி இருக்கவேண்டும். பிள்ளைகளுக்குச் சதுரம் ஒன்று, சாய்சதுரம் ஒன்று என்று பிரித்துச் சொன்னால்தான் மண்டையில் ஏறும். இதுவும் அதுதான், அதுவும் இதுதான் என்று சொல்லிக்கொடுத்தால் வகுப்பு என்னாவது? பண்புகளெல்லாம் பொருந்துகிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. பொருந்தினால் ஆகிவிடுமா?

இதையெல்லாம் லில்லியிடமும் சொன்னேன். அவள் அந்தத் தாளைக் கையில் எடுத்து, மெதுவாகத் திருப்பினாள். சதுரம் மூலையில் நின்றது.

"இப்போ?"

"இப்பவும் சதுரம்தான். தாளைத் திருப்பினா மார்க் வந்துருமா?"

"வரக்கூடாதுல்லக்கா?" என்றாள்.

எதற்காக அப்படிக் கேட்டாள் என்று எனக்குப் புரியவில்லை. நேராகப் போய், நான் காலையில் பார்த்து முடித்து வைத்திருந்த கட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு தாளாக இருபத்திரண்டாவது கேள்வியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு தாளை எடுத்தாள். அதில் ஒரு பிள்ளை சாய்சதுரத்தை மூலையில் நிற்கிற மாதிரி வரைந்திருந்தது. சீட்டுக்கட்டில் டயமண்டு இருக்குமே, அப்படி. படத்துக்கு இரண்டு மார்க். பக்கத்தில் என் பச்சை டிக். லில்லி கைப்பையைத் திறந்து கோணமானியை எடுத்து அதன் மேல் வைத்தாள். எந்த டீச்சராவது முகாமுக்குக் கோணமானி கொண்டுவருவாளா? அவள் கொண்டுவருவாள்.

"தொண்ணூறு. நாலு மூலையும் தொண்ணூறு. இது சதுரம்க்கா. திருப்பி வரைஞ்சிருக்கு, அவ்வளவுதான். இதுக்கு நீங்களே ரெண்டு மார்க் போட்டிருக்கீங்க."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் மேஜையில் ஆவுடையப்பன் சார் என்று ஒருவர் இருந்தார். பல்லில்லாத வாயால் ஊர்வம்பு பேசுகிற ஆள். எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கே! நிமிந்து நின்னா முட்டை, சாஞ்சு நின்னா ரெண்டு மார்க்கா? நம்ம உத்தியோகம் மாதிரில்லா இருக்கு!" என்றார்.

ஆறு பேரும் சிரித்தார்கள். அடுத்த மேஜையில் என்னவென்று கேட்டு, அவர்களும் சிரித்தார்கள். அப்படியே மேஜை மேஜையாகப் போயிற்று. இருபது மேஜை. கடைசி மேஜையில் சிரிப்பு போய்ச் சேர்ந்தபோது நான் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தேன். லில்லியும் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டுதான், ஆனாலும் சிரித்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நியாயம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டுமே. அந்த டயமண்டுத் தாளை எடுத்தேன். என் டிக்கை நானே அடித்து, இரண்டை முட்டையாக்கிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பிள்ளைக்கு எழுபத்தொன்று அறுபத்தொன்பது ஆனது. அப்புறம் லில்லியின் தாளிலும் அதே மாதிரி அடித்தேன். முப்பத்தைந்து முப்பத்து மூன்று ஆனது. இரண்டு தாளுக்கும் ஒரே நீதி. பாரபட்சம் பார்த்தேன் என்று யாரும் விரல் நீட்ட முடியாது.

"அக்கா, அந்தப் பிள்ளை ஃபெயிலாயிரும்க்கா."

"பண்புக்கு மூணு மார்க் போட்டிருக்கேன்லா? நான் என்ன கல்லா?"

"பண்பெல்லாம் சரின்னு மார்க் போட்டுட்டு, படம் மட்டும் தப்புன்னா எப்படிக்கா? அந்தப் பண்பெல்லாம் அந்தப் படத்துக்கு உள்ளதுதான?"

"செப்டம்பர்ல எழுதட்டும். உலகம் முடிஞ்சிரல."

அவள் தாளை வாங்கிக் கட்டுக்குள் வைத்தாள். வைக்குமுன் முதல் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முதல் பக்கத்தில்தான் பதிவெண் இருக்கும். நான் கவனித்தேன். 

இது எந்த ஊர்? வீரவநல்லூரா? சரி, நேரம் இருக்கிறது.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். நாலு ஈர்க்குச்சியைச் சம நீளத்தில் முறித்து, நுனிகளை நூலால் கட்டிச் சதுரமாக வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு மூலையை மெல்ல அழுத்தினால் சாய்சதுரமாகும். ஒரு கோணம் விரிய விரிய அடுத்த கோணம் சுருங்கவேண்டும். இரண்டும் சேர்ந்து எப்போதும் நூற்றெண்பதுதான். இன்னும் அழுத்துங்கள். பக்கம் குறையாது, சுற்றளவு குறையாது. உள்ளே இருக்கிற பரப்பு மட்டும் குறைந்துகொண்டே போகும். கடைசியில் நாலு குச்சியும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிடும். அப்போதும் சுற்றளவு அப்படியேதான் இருக்கும். பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். நான் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன், வகுப்புக்காக இல்லை.

ஜூனில் முடிவு வந்தது. அப்போதெல்லாம் பத்திரிகையில்தான் வரும், பொடி எழுத்தில் எண்கள் மட்டும். பள்ளிக்கூடம் திறந்து இரண்டாம் நாள். ஆசிரியர் அறையில் லில்லி பத்திரிகையை விரித்து விரலால் தடவிக்கொண்டே போனாள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் எண்ணைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"நம்ம பிள்ளை நம்பர் இல்லக்கா," என்றாள்.

"எந்தப் பிள்ளை?"

"சதுரம் வரைஞ்ச பிள்ளை."

நம்ம பிள்ளையாம்! திருத்துகிறவர் ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளலாமா? எண்ணை நினைவில் வைத்து, ஆளைத் தேடி, விசாரித்து — முகாமில் சேரும்போது ரகசியம் காப்போம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தானே உட்காருகிறோம்? அவள் நம்பரை வைத்துத் தேர்வு மையத்தைக் கண்டுபிடித்திருந்தாள். மையத்தில் கேட்டு ஊரைக் கண்டுபிடித்திருந்தாள். ஆலங்குளத்துக்கு வடக்கே ஒரு ஊர். பேர் வெயிலுகந்தாள். வீடு முழுக்கப் பீடி சுற்றுகிறவர்கள். பாஸானால் பாளையங்கோட்டையில் மாமா வீட்டில் விட்டு மேலே படிக்கவைப்பதாகவும், தவறினால் பீடித்தட்டை மடியில் வைப்பதாகவும் அப்பன் சொல்லியிருந்தானாம். லில்லி இதையெல்லாம் என்னிடம் வந்து சொல்லிவிட்டு, "நீங்க மேல எழுதினா சரியாயிரும்க்கா, சீஃப் எழுதினா எடுத்துக்குவாங்க," என்றாள்.

நான் மேலே எழுதத்தான் செய்தேன். மறுநாளே எழுதினேன். மதிப்பெண்ணைப் பற்றி எழுதவில்லை. அது முடிந்துபோன விஷயம். முகாமில் ஒருவர் பதிவெண்ணை மனப்பாடம் செய்து வெளியே கொண்டுபோயிருக்கிறார் என்று எழுதினேன். பேரும் எழுதினேன். கடமை. ஆவுடையப்பன் சார் செய்திருந்தாலும் எழுதியிருப்பேன். அது அவள் என்பது என் தப்பா?

ஜூலையில் எங்கள் இரண்டு பேரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் கல்லூரியில் கணக்குப் பேராசிரியராம். ஒல்லியாக, காதில் முடியோடு. முதலில் லில்லியைக் கூப்பிட்டார்கள். அரைமணி நேரம். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாளாம். ஒத்துக்கொண்டதோடு நிறுத்தாமல் சதுரத்தையும் சொல்லியிருக்கிறாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். நான் நுழையும்போதே அந்தத் தாளை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார்கள்.

பேராசிரியர் தாளைப் பார்த்தார். நின்றுகொண்டே பார்த்தார். "சாய்சதுரம்தான்," என்றார். அவ்வளவுதான். உட்காரக்கூட இல்லை. நான் இருபது வருஷம் சொல்லிக்கொடுத்ததை ஒருவர் நின்றுகொண்டே தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்.

நடுவில் இருந்தவர் நல்ல மனுஷர். தன்மையாகப் பேசினார்.

"அம்மா, அந்த டீச்சர் செஞ்சது தப்பு. அதுக்குத் தண்டனை உண்டு. அது வேற. இந்தப் பிள்ளை விஷயத்துல மதிப்பெண் பட்டியல் இன்னும் அச்சாகல. ரெண்டு மதிப்பெண் தவறுதலா அடிக்கப்பட்டுதுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். உங்க கையெழுத்துக்கு மேல எங்களால எதுவும் செய்ய முடியாது. உங்கமேல நடவடிக்கை வராது. நான் பாத்துக்கிடுதேன்."

வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். தன் பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தார். ஜன்னலில் ஒரு வேப்பங்கிளை ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு இருபது மேஜையும் தெரிந்தது. சிரிப்பு ஒவ்வொரு மேஜையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் இந்த ஒரு வரியை எழுதினால் ஆவுடையப்பன் சாருக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். நாளைக்கு ஜில்லா முழுக்கத் தெரிந்துவிடும். சாய்சதுரம் எதுவென்று தெரியாத சீஃப். அம்மா முகர்ந்து பார்த்த பேனா.

எழுதினேன். 'வழங்கப்பட்ட மதிப்பெண் சரியானதே.' கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

அவர் ஒரு தடவை படித்தார். தாளை மடித்துக் கோப்பில் வைத்துவிட்டார்.

வெளியே பெஞ்சில் லில்லி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். அவளைப்பற்றி நான் எழுதிய கடிதத்தை அவளுக்குக் காட்டியிருக்கிறார்கள். எல்லாம் தெரியும் அவளுக்கு. ஆனாலும் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எழுதச் சொன்னாங்களாக்கா?"

"சொன்னாங்க."

"எழுதினீங்களா?"

"எழுதினேன்."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வழிகிறது, துடைக்கக்கூட இல்லை. "எனக்கு என்ன வேணா ஆகட்டும்க்கா. நீங்க எழுதிட்டீங்கல்லா, போதும்," என்றாள். வெயிலில் நின்று இரண்டு பேரும் சர்பத் குடித்தோம். அவள்தான் வாங்கிக் கொடுத்தாள்.

நான் பொய் சொன்னேனா? நீங்களே சொல்லுங்கள். எழுதினாயா என்று கேட்டாள், எழுதினேன் என்றேன். என்ன எழுதினாய் என்று அவள் கேட்டிருக்கவேண்டும். பதினோரு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டால் நான் என்ன செய்ய முடியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் அந்த ஊருக்குப் போய்விட்டாள். மதிப்பெண் பட்டியல் வந்ததும் பாஸ் என்று இருக்கும், மாமா வீட்டில் பேசி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். திங்கட்கிழமை என்னிடம் வந்து அந்த வீட்டில் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பை வர்ணிக்கிறாள். அந்தப் பிள்ளையின் கை எப்படியிருந்தது, பீடி சுற்றும்போதுகூட ஓரத்தை எப்படி நேராக வெட்டுகிறது என்று சொல்கிறாள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். மணி அடித்துவிட்டது. எனக்கு எட்டாம் வகுப்பு இருந்தது.

ஒரு வாரத்தில் எனக்கு இன்லண்டு லெட்டர் வந்தது. பள்ளிக்கூட முகவரிக்கு. அழகான கையெழுத்து. 'மதிப்பிற்குரிய சீஃப் டீச்சர் அவர்களுக்கு, வெயிலுகந்தாள் எழுதுவது. சதுரத்தையும் சாய்சதுரம் என்று தாங்கள் ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. எங்கள் கணக்கு சார்கூட இல்லை என்றுதான் சொன்னார். ஆயினும் நான் அளந்து பார்த்துத்தான் எழுதினேன்.' மறுபடியும் ஆயினும்! நான் பதில் போடவில்லை. என்ன போடுவது?

ஆகஸ்டு கடைசியில் பட்டியல் வந்தது. முப்பத்து மூன்று. மறுகூட்டலுக்கு லில்லி சொந்தக் கையால் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து அனுப்பவைத்தாள். கூட்டல் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. சரியாகத்தான் இருக்கும். நான் கூட்டியது என்றைக்கும் தப்பாது.

நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஆசிரியர் அறைக்குள் வந்தாள். என் எதிரில் நின்றாள். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டினால் நான் பதில் வைத்திருந்தேன். எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது என்னிடம். அவள் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னலோரம் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். இழுக்கக்கூட இல்லை, தூக்கிக்கொண்டு போனாள்.

அக்டோபரில் அவளை மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். இனி எந்த முகாமுக்கும் அவளைக் கூப்பிடக்கூடாது என்றும் உத்தரவு. என்னை? என்மேல் ஒன்றும் இல்லை என்று எழுதி வந்தது. ஆனால் அடுத்த வருஷம் சீஃப் பட்டியலில் என் பேர் இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. ஓய்வு பெறும்வரை இல்லை. நான் தப்புச் செய்யவில்லை என்றால் ஏன் எடுத்தார்கள்? தப்புச் செய்தேன் என்றால் ஏன் சொல்லவில்லை? இரண்டில் ஒன்றைச் சொல்லவேண்டாமா? யாரும் சொல்லவில்லை. என் மேஜையில் எனக்கு ஆறு வருஷம் இளையவள் ஒருத்தி உட்கார்ந்தாள். நான் அவளுக்குக் கீழே சிவப்பு மையில் திருத்தினேன். பதினாறு வருஷம் சிவப்பு மை. இதெல்லாம் யாரால்? கோணமானியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தவளால்.

போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். காவலாளியிடம்கூடச் சொல்லிக்கொண்டாள். என்னிடம் இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் அம்மா கேட்டாள், "முறுக்குச் சுத்தப் போகலியா?" என்று. தலைவலி என்றேன். அவள் தலைமையாசிரியையாகி ஓய்வு பெற்றதைப் பத்திரிகையில் பார்த்தேன். இப்போது மதுரையில் தங்கை மகள் வீட்டில் இருக்கிறாளாம். நல்லபடியாக இருக்கட்டும். எனக்கு என்ன?

அது சேரன்மகாதேவியா? நீங்கள் ஏன் பேனாவை மூடிவிட்டீர்கள்? திருத்துங்கள், திருத்துங்கள். நீங்கள் அந்தப் பிள்ளையைத்தான் நினைக்கிறீர்கள். எல்லாரும் அதைத்தான் நினைப்பார்கள். ஒரு பரீட்சையில் தவறியதால் யாருடைய வாழ்க்கையும் போய்விடுவதில்லை அம்மா. மனம் இருந்தால் மறுபடி எழுதியிருக்கலாம். செப்டம்பர் இருந்தது, மார்ச் இருந்தது. நான் அவளைத் தடுத்தேனா? அவளைப்பற்றி நான் விசாரித்ததுகூட இல்லை. எதற்கு விசாரிக்கவேண்டும்?

ஒரே ஒரு தடவை போனேன். ஓய்வு பெற்ற வருஷம். ஆலங்குளத்தில் ஒரு கல்யாணம், பக்கம்தானே என்று பஸ் ஏறிவிட்டேன். கிணற்றடியில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். வாசலில் நாலைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லார் மடியிலும் தட்டு. எது அவள் என்று எனக்குத் தெரியாதே. ஒருத்தி கத்தரியால் இலையை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரே அளவாக. இலை வெட்டுகிற அளவுத் தகரத்தை வைக்காமல், கண்ணாலேயே. நான் தெருவின் இந்தப் பக்கம் நின்றேன். அவள் நிமிர்ந்து, "யாரைப் பார்க்கணும்?" என்றாள்.

"கோயிலுக்கு வழி," என்றேன்.

காட்டினாள். போனேன். அங்கே கோயில் இருந்தது.

அப்புறம் எங்கள் பக்கத்துத் தெருவில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவள் அம்மா வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் ஊர்ப்பேச்சு கொஞ்சம் காதில் விழும். நானாகக் கேட்டதில்லை. விழுவதைத் தடுக்க முடியாது.

வெயிலுகந்தாள் மறுபடி பரீட்சை எழுதவில்லை. முப்பத்து நாலு வருஷம் பீடி சுற்றினாள். நெஞ்சில் சளி கட்டி, இரண்டாயிரத்துப் பதினேழு ஆவணியில், ஐம்பது வயதில் இறந்துபோனாள்.